கண்மணியில் தெரியும் வெண்மை

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து வடக்கே கோட்டக்குப்பம் வரையிலான தெருக்களில் நிகாஹ், அகீகா, பெருநாள் விருந்து என்று ஏதேனுமொரு விசேஷம் நடைபெறாத மாதம் அரிது. விசேஷம் என்றால் படம் பிடித்தலும் உண்டு. முன்பெல்லாம் புகைப்படக்காரர் ஒருவர் வருவார். இன்று வீட்டிலுள்ள அத்தனை பேர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பாட்டியின் மடியில் அமர்ந்திருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையை யாரோ ஒருவர் பளிச்சென்ற ஒளியில் படமெடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். படத்தைப் பார்த்தால் குழந்தையின் ஒரு கண்மணியில் சிவப்புப் புள்ளி; மற்றொன்றில் பால் போன்ற வெண்மை. "பிள்ளைக்குப் பூனைக்கண்" என்று சிரித்துவிட்டு, ஒளி சரியாக விழவில்லை போலும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அவ்வாறு ஒதுக்கிவிடக் கூடாத படம் அது.

கண்ணின் பின்சுவரில் இரத்த நாளங்கள் நிறைந்திருப்பதால் திடீர் ஒளி பட்டுத் திரும்பும்போது கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. அங்கே வெண்மை தெரிந்தால், ஒளியை ஏதோ ஒன்று வழிமறிக்கிறது என்று பொருள். அது குழந்தைப் பருவக் கண்புரையாக இருக்கலாம். வேறு சில கண் நோய்களாக இருக்கலாம். ஒளி விழுந்த கோணத்தினால் ஏற்பட்ட தோற்றமாகவும் இருக்கலாம். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் நோய் இது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகிறது. பிறப்புகள் மிகுதியாக உள்ள நம் நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 1,500 குழந்தைகளுக்கு இந்நோய் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மாறுகண்ணும் இதன் அறிகுறியாகலாம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் அதற்காக மருத்துவரை நாடுவோர் குறைவு.

எண்ணிக்கையில் அரிதான இந்த நோய், புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாற்றில் பெற்றுள்ள இடமோ மிகப் பெரிது. புற்றை அடக்கும் புரதம் என்ற ஒன்று நம் உடலில் உண்டு என்பதையும், அது எவ்வாறு பணியாற்றுகிறது என்பதையும் மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் குழந்தைகளின் கண்கள்தாம். அந்தப் பணியைப் புரிந்துகொண்டால், இந்நோயைப் பற்றி நம் வீடுகளில் எழும் கேள்விகளுக்கும், வீண் பழிகளுக்குங்கூட விடை கிடைத்துவிடும். ஆகவே வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறேன்.

சுருட்டி வைத்த நூல்

கைத்தறி ஓசை கேட்ட தெருக்களைக் கொண்டது முத்தியால்பேட்டை. தார் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்னும் நூலிழை இருக்கிறது. ஒரு செல்லில் உள்ளதை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத அச்சிறு செல்லுக்குள் அது அடங்கியிருப்பதற்குக் காரணம், ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின்மீது தார்க்குச்சியில் நூலைச் சுற்றியதுபோல் சுற்றப்பட்டிருப்பதுதான். அந்த நூலில்தான் உடலுக்கு வேண்டிய புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு.

குறிப்பு இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கவேண்டும். படிப்பதற்கு முதல் வேலை, அந்தப் பகுதியை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதிக்கொள்வது. இதைப் படியெடுத்தல் என்கிறார்கள். நூல் தளர்ந்திருக்கும் இடத்தில் படியெடுக்க முடியும். இறுக்கிச் சுற்றிய இடத்தில் முடியாது. எல்லாச் செல்களிலும் எல்லாக் குறிப்புகளும் இருக்கின்றன. ஆயினும் கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பது, எதைப் படிப்பது, எதைப் படிக்காமல் மூடி வைப்பது என்ற ஒழுங்கினால்தான். படைத்தவனின் ஏற்பாட்டில் பேச்சைப் போலவே மௌனத்துக்கும் இடமுண்டு என்று இதைக் கண்டபோது எனக்குத் தோன்றியது.

மூடி வைக்கப்படவேண்டிய குறிப்புகளுள் மிக ஆபத்தானது எது? "இரண்டாகப் பெருகு" என்னும் கட்டளைதான். கருவில் வளரும் குழந்தைக்கு அது வேண்டும்; காயம் ஆறுவதற்கு வேண்டும். வேலை முடிந்தபின் அது அடங்கவேண்டும். அடக்கி வைப்பவற்றுள் முதன்மையானது ஆர்.பி. என்னும் புரதம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற நோயின் பெயரிலிருந்து பிறந்த பெயர் இது. 928 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த இப்புரதத்திற்கான மரபணு, நம்முடைய 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

ஆர்.பி. எப்படி அடக்குகிறது? செல் பெருகுவதற்கு வேண்டிய மரபணுக்களின் வாசலில் ஈ-2-எஃப் என்னும் மற்றொரு புரதம் அமர்ந்திருக்கிறது. படியெடுக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது அதன் தொழில். ஆர்.பி. வந்து அதைத் தன் மடியில் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நெவின்ஸ் என்பாரின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1991இல் இதை உலகுக்கு அறிவித்த கட்டுரைகளுள் ஒன்றில் முதற்பெயராக நிற்பது ஸ்ரீகுமார் செல்லப்பன் என்னும் பெயர் என்பதை நம்மவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பிடித்துக்கொள்வதோடு ஆர்.பி.யின் வேலை முடியவில்லை. 1998இல் வெளிவந்த ஆய்வுகள் இன்னொரு நுட்பத்தைக் காட்டின. ஆர்.பி. தனியே வருவதில்லை, ஹிஸ்டோன் உருளைகளை இறுக்கும் ஒரு நொதியையும் கூடவே அழைத்து வருகிறது. ஹிஸ்டோன்களின்மீது அசெட்டைல் என்னும் சிறு குறிகள் ஒட்டியிருந்தால் நூல் தளர்ந்திருக்கும். அந்த நொதி அக்குறிகளைப் பிடுங்கி எடுத்துவிடுகிறது. நூல் இறுகிவிடுகிறது. வாசலில் நிற்பவனைப் பிடித்துக்கொண்டதோடு, வீட்டுக் கதவையும் இழுத்துத் தாழிட்டது போல.

சரி, உண்மையாகவே செல் பெருகவேண்டிய வேளை வந்தால்? அப்போது வெளியிலிருந்து செய்தி வருகிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பொருள் செல்லின் புறச்சுவரில் உள்ள ஏற்பியைத் தொடுகிறது. அச்செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே சென்று, சைக்ளின் என்னும் புரதத்தை உண்டாக்கச் செய்கிறது. சைக்ளின் தன் துணை நொதியுடன் சேர்ந்து ஆர்.பி.யின்மீது பாஸ்பேட்டுகளை வரிசையாக ஒட்டுகிறது. ஒட்ட ஒட்ட ஆர்.பி.யின் பிடி தளர்கிறது; ஈ-2-எஃப் விடுபடுகிறது; நூல் தளர்கிறது; படியெடுத்தல் தொடங்குகிறது. செல் இரண்டானபின் பாஸ்பேட்டுகள் நீக்கப்பட்டு, ஆர்.பி. மீண்டும் காவலுக்கு வந்துவிடுகிறது. நம் உடலில் நாள்தோறும் நடப்பது இதுவே.

ஆர்.பி. இல்லாத செல்லில், வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே வாசல் திறந்து கிடக்கிறது. கட்டளையில்லாமலே பெருக்கம். விழித்திரையில் கூம்புச் செல்லாக வளரவேண்டிய இளஞ்செல்கள் இந்தப் புரதத்தைப் பெரிதும் நம்பியிருப்பவை என்று 2014இல் கண்டறிந்தார்கள். காவல் போனதும் முதலில் பாதிப்படைவது கண்ணாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறார்கள்.

இங்கே தாய்மார்களுக்காக ஓர் இடைச்செய்தி. கருப்பைவாய்ப் புற்றிலும் இதே ஆர்.பி.தான் வீழ்த்தப்படுகிறது. ஆனால் அங்கே மரபணு கெடுவதில்லை. எச்.பி.வி. என்னும் வைரஸ் ஈ-7 என்ற தன் புரதத்தை அனுப்பி ஆர்.பி.யைக் கட்டிப்போட்டுவிடுகிறது. இது 1989இல் தெரியவந்தது. அந்த வைரஸைத் தடுக்கும் ஊசி உண்டு. இந்தியாவிலேயே தயாரான செர்வாவாக் என்னும் மருந்து 2023இல் விற்பனைக்கு வந்தது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டுக்கொள்வது சிறந்தது என்கிறார்கள் மருத்துவர்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு காவலர்கள்

ஒவ்வொரு செல்லிலும் ஆர்.பி. மரபணு இரண்டு படிகளாக இருக்கிறது: தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காவலைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் கெட்டால்தான் நோய்.

மரபணுவைக் கண்ணால் காணுமுன்பே இதைக் கணக்கினால் கண்டறிந்தவர் ஆல்பிரட் நட்ஸன் என்னும் அமெரிக்க மருத்துவர். ஹூஸ்டன் நகரிலிருந்த ஒரு மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டி, 48 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். இரண்டு கண்களிலும் நோய் கண்ட குழந்தைகளுக்கு அது மிக இளவயதிலேயே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் கண்டவர்களுக்குச் சற்றுத் தாமதமாக வந்திருந்தது. இந்த வேறுபாட்டிலிருந்து அவர் ஊகித்தது இது: முதல்வகைக் குழந்தைகள் பிறக்கும்போதே எல்லாச் செல்களிலும் ஒரு காவலரை இழந்து பிறக்கிறார்கள். மீதமுள்ள ஒருவர் எங்கேனும் ஒரு செல்லில் தற்செயலாக வீழ்ந்தால் போதும். விழித்திரையில் கோடிக்கணக்கில் செல்கள் இருக்கும்போது அந்தத் தற்செயல் பெரும்பாலும் நடந்தே விடுகிறது, சிலவேளை இரு கண்களிலும். இரண்டாம் வகையினரோ இரு காவலருடன் பிறந்து, ஒரே செல்லில் இருவரையும் இழக்கும் அரிய விபத்துக்கு ஆளானவர்கள். 1971இல் இதை அவர் வெளியிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1986இல், பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த டிரைஜா, ஃபிரெண்ட், வெய்ன்பெர்க் முதலியோர் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டினர். புற்றை அடக்கும் மரபணுக்களுள் முதன்முதலில் கையில் கிடைத்தது அதுவே.

ஹூஸ்டன் ஏடுகளில் நடந்த இந்தக் கணக்கு நம் தெருவுக்கு எதற்கு என்று கேட்கலாம். நோய் கண்ட வீட்டில் முதலில் விசாரிக்கப்படுபவள் குழந்தையின் தாய். கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாளா, என்ன சாப்பிட்டாள், எதைப் பார்த்துப் பயந்தாள் என்பன கேள்விகள். அவளுடைய குடும்பத்தில் யாருக்குப் பார்வைக் குறை என்ற ஆராய்ச்சியும் நடக்கும். மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்தில் மணமுடித்திருந்தால் பழி திருமணத்தின்மீது போய் விழும்.

இவற்றுள் ஒன்றும் காரணமன்று. பிறவியிலேயே ஒரு காவலரை இழந்த குழந்தைகளிலும் பெரும்பாலோரின் பெற்றோர் இருவரும் நோயற்றவர்களே. அந்த மாற்றம் அக்குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. அவ்வாறு புதிதாகத் தோன்றுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை தந்தையின் வித்தணுவில் நேர்கின்றன என்று 1989இலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. தந்தையைக் குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் எதையும் செய்துவிடவில்லை. தாயைக் கூண்டிலேற்றுவோர் இதை அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். சொந்தத்தில் மணம் செய்வதால் மிகுதியாகக் கூடிய நோய்கள் உண்டு. அவை பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை குழந்தையிடம் ஒன்றுசேர்வதால் வருபவை. விழித்திரைப் புற்று அவ்வகையைச் சேர்ந்ததன்று. இதற்கு ஒரு பக்கத்துக் குறையே போதும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு கிராமவாசி வந்து, தம் மனைவி கறுப்பு நிறத்தில் குழந்தை பெற்றிருப்பதாகச் சந்தேகத்தோடு முறையிட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைப் பெருமானார் விசாரித்தார்கள். சிவப்பு ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் கன்றும் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டபோது, அது முன்னோர் வழியில் வந்திருக்கலாம் என்றால் இதுவும் அவ்வாறே வந்திருக்கலாமே என்று அந்தப் பெண்ணின்மீதிருந்த ஐயத்தை அகற்றினார்கள். மரபு பற்றிய பேச்சு அங்கே ஒரு தாயின் மானத்தைக் காப்பதற்குப் பயன்பட்டது.

கண்ணா, உயிரா?

இந்நோய் கண்ணுக்குள் இருக்கும்வரை குணப்படுத்தக்கூடியது. வசதி படைத்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். பார்வை நரம்பின் வழியே மூளையை நோக்கிப் பரவிவிட்டால் நிலைமை தலைகீழ். ஆகவே இடையில் கழியும் வாரங்கள்தாம் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

சிறிய கட்டிகளை லேசர் ஒளியாலும் உறையவைக்கும் முறையாலும் அழிக்கிறார்கள். சற்றுப் பெரியவற்றுக்கு மருந்துச் சிகிச்சை உண்டு. கண்ணுக்குச் செல்லும் இரத்தக் குழாயிலேயே மருந்தைச் செலுத்தும் முறையும் வந்திருக்கிறது. முன்பு வெளியிலிருந்து கதிர்வீச்சு பாய்ச்சுவது வழக்கம். பிறவியிலேயே ஒரு காவலரை இழந்த குழந்தைக்கு அந்தக் கதிரே பிற்காலத்தில் எலும்பிலும் தசையிலும் வேறு புற்றுகளைத் தூண்டிவிடுகிறது என்று கண்டபின் அதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். உடல் முழுவதும் ஒற்றைக் காவலோடு இருப்பவருக்கு எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் அவசியமானால் மட்டுமே எடுக்கவேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

கட்டி கண்ணை நிறைத்துவிட்டால் கண்ணையே அகற்றவேண்டியிருக்கும். வீட்டார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனையை விட்டு வெளியேறிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "அல்லாஹ் கொடுத்த கண்ணை எடுக்கச் சொல்கிறார்களே" என்ற கதறலில் உள்ள வேதனையை நான் குறைத்து மதிக்கவில்லை. பச்சிலைச் சாறும், ஓதிப் பார்த்த தண்ணீரும், இன்னொரு ஊரில் இன்னொரு வைத்தியருமாக மூன்று மாதம் போய்விடுகிறது. ஓதுவதும் துஆ கேட்பதும் வேண்டும். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறும் நமக்குப் பணிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களை வாசகர்கள் அறிவார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகனார். மதீனாவின் பெரும் மார்க்க அறிஞர்களுள் ஒருவர். கலீஃபா வலீதைக் காணச் சென்ற பயணத்தில் அவர்களுடைய காலில் அழுகல் நோய் கண்டது. மேலே பரவினால் உயிர் போய்விடும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, காலை அறுத்தெடுக்க அவர்கள் இசைந்தார்கள். அதே பயணத்தில் ஒரு மகனையும் இழந்தார்கள். எடுத்துக்கொண்டது ஓர் உறுப்பு, விட்டுவைத்திருப்பது மூன்று என்று இறைவனைப் புகழ்ந்ததாக வரலாறு கூறுகிறது. உயிரைக் காக்க உறுப்பை இழப்பது நம் முன்னோர் கண்டறியாத செயலன்று.

கண்ணை எடுத்த இடத்தில் சில வாரங்களுக்குப் பின் செயற்கைக் கண் பொருத்துகிறார்கள். நல்ல கைத்திறத்தில் செய்தது ஓரளவு அசையவும் செய்யும். ஒரு கண் நலமாக இருக்கும் குழந்தை ஓடும், ஓதும், பள்ளிக்கூடம் போகும்.

புதுச்சேரியில் இருப்பவர்கள் வழி தெரியாமல் அலையத் தேவையில்லை. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், கோரிமேட்டில் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இயங்குகிறது. மேற்சிகிச்சை வேண்டுமானால் மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் கண் புற்றுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் தென்னிந்தியாவைச் சேர்ந்த 81 நோயாளிகளின் மரபியல் விவரங்களை 2001இலேயே தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். பிரான்சில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் பல. அந்நாட்டில் இந்த நோய்க்குத் தலைமையிடம் பாரிஸ் நகரத்துக் க்யூரி நிறுவனம். அங்கே கொண்டுபோகலாமா என்று யோசிப்பதில் தவறில்லை; விசா வரும்வரை இங்கே சிகிச்சையைத் தொடங்காமல் காத்திருப்பதுதான் தவறு.

குழந்தைக்கு நோய் உறுதியானால் அதன் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஆகியோரின் கண்களையும் காட்டவேண்டும். பெற்றோரின் விழித்திரையையும் ஒருமுறை பார்ப்பார்கள். தானே அடங்கிப்போன பழைய கட்டியின் வடு அவர்களிடம் இருந்தாலும் இருக்கலாம். இரத்தத்தில் ஆர்.பி. மரபணுவைச் சோதித்தால், குறை பிறவிவழி வந்ததா, அந்தக் கண்ணோடு நின்றதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறவிவழிக் குறையென்றால் நோயிலிருந்து மீண்ட அக்குழந்தை பிற்காலத்தில் பெற்றெடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்குறை செல்ல இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. திருமணப் பேச்சில் பாதகமாகிவிடும் என்று இதை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் பிறக்கும் பேரக்குழந்தையின் கண்ணை முதல் வாரத்திலேயே பார்க்கவேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். பார்த்திருந்தால் லேசர் ஒளியோடு முடிந்திருக்கும்.

ஆர்.பி.யின் பிடியைத் தளர்த்தும் சைக்ளினின் துணை நொதியைத் தடுத்து, ஆர்.பி.யைக் காவலிலேயே நிறுத்தி வைக்கும் பால்போசிக்ளிப் என்ற மருந்து 2015 முதல் ஒருவகை மார்பகப் புற்றுக்குப் பயன்படுகிறது. காவலர் உயிரோடிருந்தால்தான் அம்மருந்துக்கு வேலை. ஆர்.பி.யே இல்லாத குழந்தையின் கண்ணில் அது பயன்படாது. அங்கே கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே காண்பதைத் தவிர வேறு குறுக்குவழி இதுவரை இல்லை.

கைப்பேசியில் இருக்கும் பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு படத்தில் மட்டும் வெண்மை தெரிந்தால் வேறு கோணத்தில் எடுத்தவற்றோடு ஒப்பிடலாம். ஆனால் ஒப்பிடுவதிலேயே நாளைக் கடத்தவேண்டாம். அதே வாரம் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு, தேவையானால் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி முழு விழித்திரையையும் பார்ப்பார்கள். போகும்போது அந்தப் படத்தை அழித்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் எடுத்தது என்று மருத்துவர் நிச்சயம் கேட்பார்.